சொல்லாமல் போகமாட்டார்

பஞ்சைத் தண்ணீரில் முக்கி அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மூச்சு நின்றது. பிரிசில்லா கையை எடுக்காமல் காத்திருந்தாள். நெஞ்சு ஏறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் மட்டும் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்பா!"

வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அப்பா ஜெயராஜின் நெஞ்சு தூக்கிப் போட்டது. வாசல் வரை போனவரை யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல மூச்சு திரும்பி வந்தது. கண்கள் திறந்தன. அவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தன.

சில நாட்களாகவே அப்படித்தான். மருந்து கொடுக்கும்போதும், தலையணையைத் திருப்பி வைக்கும்போதும் அவர் பார்வை அவள் உதட்டை விட்டு நகரவில்லை. காது கேளாதவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"பாத்தியா தங்கமணி! பிள்ள கூப்பிட்டதும் திரும்பிட்டான்!" என்று சோபாவிலிருந்து எழுந்து வந்தார் எஸ்தர் அத்தை. ஜெயராஜுக்கு அக்கா. செந்தூல் ஊர்க்காரர். சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். தம்பி படுத்த படுக்கையானதும் தன் பழைய ‘கஞ்சில்’ குட்டிக் காரைப் பண்டமாரானில் இருக்கும் இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர், அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இவ வாயில ஆண்டவர் எதையோ வச்சிருக்கார் லா."

பிரிசில்லாவின் அம்மா தங்கமணி அடுப்படி வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மதியமா மாலையா என்று சொல்ல முடியாத வெளிச்சம். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்த புகை வந்து கிள்ளான் முழுவதையும் மூடி, வானம் ஆறிப்போன தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. போர்ட்டிலிருந்து கப்பல் சங்கு கேட்டது. தெருவில் வேறு சத்தமே இல்லை. எதிர்வீட்டு நாய், காற்றடித்தால்கூடக் குரைக்கிற நாய், இந்த வாரம் முழுவதும் குரைக்கவில்லை. கேட்டுக்கு அந்தப் புறம் படுத்துக்கொண்டு இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் மாதவி மிஸ்ஸி வந்திருந்தாள். வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற நோயாளிகளைத் தேடி வரும் நர்ஸ். எத்தனையோ சாவைப் பார்த்தவள், எதற்கும் அசராதவள். ஜெயராஜின் காலைத் தொட்டாள், கையைத் தொட்டாள், கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு பிரிசில்லாவைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. எல்லாம் முடிஞ்ச உடம்பு இது. கால் ஐஸ் மாதிரி இருக்கு, கையில பல்ஸ் எனக்குக் கிடைக்கவே இல்ல. போன வாரமே போயிருக்கணும். எப்படி மூச்சு ஓடுதுன்னு எனக்குத் தெரியல."

"வலிக்குதா மிஸ்ஸி?"

மாதவி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். "மருந்து கூட்டிக் குடுத்திருக்கேன். ஆனா வலி இல்லன்னு என்னால சொல்ல முடியாது," என்றாள். போகும்போது வழக்கம்போல டாட்டா காட்டவில்லை.

வலி என்ற சொல்லை அதற்கப்புறம் பிரிசில்லாவால் தள்ளிவைக்க முடியவில்லை. ஏனென்றால் மூச்சு எப்படி ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கவே பயந்தாள்.

பிரிசில்லாவின் வாயைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் படித்த வயதில் ஒருநாள், எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, "சித்தப்பா வந்துட்டாரு" என்றாள். சண்டை போட்டுக்கொண்டு காணாமல் போயிருந்த, அம்மாவுடைய தங்கை வீட்டுச் சித்தப்பா, ஆராதனை முடிந்து வெளியே வந்தால், செருப்பு கழற்றுகிற இடத்தில் நின்றிருந்தார். பிறகு எஸ்தர் அத்தையின் மருமகளுக்கு நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்தபோது, விளையாட்டாக, "தொட்டில் வாங்கிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த வருஷமே தொட்டில் வாங்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அத்தைக்கு எதற்கெடுத்தாலும் இவள் வாய் வேண்டும். கார் லைசென்ஸ் பரீட்சையில் இந்தத் தடவை பாஸாகிவிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் பிரிசில்லா கோட்டை விட்டதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை; இல்லவே இல்லையா என்றால் அதையும் சொல்ல மாட்டாள். வளர வளரப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். பேரைக் கூப்பிடுவதுதான் வேலையில் பாதி. கூப்பிட்டதும் முகம் வெளுத்து எழுந்து உள்ளே போகிறவர்களைப் பார்க்கும்போது சில நாள் அவளுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

தப்பு நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை.

ஆராதனை முடிந்து ஜெபக்குழு வேனில் வந்து இறங்கியது. கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள், கையை நீட்டி மரண ஆவியைக் கட்டி ஜெபித்தார்கள். ஆண்டவர் உலகத்தைக் கையால் செய்யவில்லை, வாயால் செய்தார் என்று அத்தை பேசினார். வெளிச்சத்தைக் கூப்பிட்டார், அது வந்தது. நம் வாயிலும் அந்த மூச்சுதான் இருக்கிறது. ஆகவே இந்த வீட்டில் ஒருத்தரும் அவிசுவாச வார்த்தை பேசக் கூடாது. கான்சர் என்று சொல்லக் கூடாது. கடைசி என்று சொல்லக் கூடாது. பிறகு பிரிசில்லாவின் தலையில் கையை வைத்து, "சொல்லும்மா. நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு. அப்பா பிழைப்பார்" என்றார்.

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி விளக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. சும்மா நின்றால் அம்மாவின் மனசு உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பொய்யும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல், வாயில் வந்த ஒன்றைச் சொன்னாள்.

"நான் சொல்லாம அப்பா எங்கயும் போகமாட்டார்."

"ஆமென்!" என்றது கூட்டம், கண்ணாடி ஜன்னல் அதிர.

அது அவள் புதிதாகச் சொன்னதும் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அது. ஜெயராஜ் போர்ட்டில் கிரேன் ஓட்டியவர். வேலைக்குக் கிளம்பும்போது தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு கேட்டருகே நிற்பார். "நான் கிளம்பட்டுமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். வீட்டிலிருந்து ஒரு குரல் வாய்விட்டுச் சொன்னால்தான் கேட்டைத் திறப்பார். அது அவருடைய அப்பா காலத்துப் பழக்கம்; அக்காவும் தம்பியும் அதிலேயே வளர்ந்தவர்கள். பிரிசில்லா பேசக் கற்றுக்கொண்டதிலிருந்து அந்தக் குரல் அவளுடையதாகிவிட்டது. பாதித் தூக்கத்தில், பாயில் கிடந்தபடி, "ஏசப்பா கூடப் போங்கப்பா" என்பாள். "சரிடா" என்பார். கேட் கிறீச்சிடும். வேலை முடிந்து வந்தால்தான் மறுபடி அந்தச் சத்தம் கேட்கும்.

அந்த ஞாயிறுக்கு அப்புறம் ஜெயராஜ் சாப்பிடவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. கால்விரல்கள் நீலம் பாரித்தன. வியாழக்கிழமை காலை அம்மாவும் அத்தையும் பார்த்திருக்க, கண்ணைத் திறந்து, நல்ல தெளிவான குரலில், "நான் கிளம்பட்டுமா?" என்று கேட்டார்.

"ஷிஃப்ட்டுக்குப் போற ஞாபகம், பாவம்," என்று அம்மா அழுதாள். அத்தை உடனே குரலெடுத்து ஜெபிக்க ஆரம்பித்தார். பிரிசில்லாவுக்கு மட்டும் புரிந்தது. அவர் கேட்டது ஷிஃப்ட்டைப் பற்றி இல்லை. அவர் கேட்டது அவளை. பதில் சொல்லாமல் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமையான இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலோரம் நின்று ஜெயராஜைப் பார்த்தவளுக்கு உடம்பு சிலிர்த்திருக்க வேண்டும், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"பிரிசிம்மா, தப்பா எடுத்துக்காத. எங்க வீட்டுல இப்படி இழுத்துக்கிட்டு இருந்தா, மனசுல ஏதோ நிக்குதுன்னு சொல்லுவாங்க. வேண்டியவங்க கையால பால் விடுவாங்க. உடனே அமைதியாயிடும். உங்கள்ல அதெல்லாம் இல்ல, தெரியும். ஆனா அண்ணனுக்கு ஏதோ வேணும் மா. அந்தக் கண்ணைப் பாரேன், உன்னையேதான் கேக்குது."

"லெட்சுமி," என்றார் அத்தை, "இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்மா. வாய்தான் எல்லாத்துக்கும் கதவு."

லெட்சுமி அக்கா கஞ்சிப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா பின்னாலேயே போய்க் கேட்டைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டாள். புகை நாட்களில் திருட்டு அதிகம் என்று தெருவில் பேச்சு. சாவியைக் கொண்டுவந்து டி.வி. மேசையில் போட்டாள்.

மறுபடி மூச்சு நின்றது. இந்தத் தடவை பிரிசில்லா கூப்பிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். நின்றே இருந்தது. அப்பாவின் முகம் மெழுகுபோல மஞ்சளாகியது. கண்கள் திறந்தபடி, இமைக்காமல், அவள் வாயிலேயே குத்திட்டிருந்தன. மூச்சில்லாத முகத்தில் கண் மட்டும் உயிரோடு இருந்தது. பிறகு, ஒருவரும் கூப்பிடாமலே, மூச்சு ஒரு இழுப்பாகத் திரும்பி வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அனுமதி கிடைக்காமல் கேட்டருகே போய்ப்போய்த் திரும்பி வருகிறார் என்று பிரிசில்லாவுக்கு அப்போது நிச்சயமாகிவிட்டது.

அத்தைக்கும் களைப்பு. "நான் ஒரு குளி குளிச்சிட்டு வரேன். வந்து ராத்திரி முழுக்க ஜெபத்துல உட்காருவோம். பாஸ்டரும் வரேன்னாரு," என்று துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அம்மாவும் மகளும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். தங்கமணி கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையின் நீல நகங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். தடவி முடித்துக் கையைப் போர்வைக்குள் வைத்தாள். எழுந்தாள்.

"நான் கொடியில கிடக்குற துணிய எடுத்துட்டு வரேன்," என்றாள்.

இந்தப் புகைக்கு ஒரு வாரமாகவே யாரும் வெளியே துணி காயப்போடவில்லை. கொடி வெறுமையாக இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தங்கமணி மகளின் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஒருமுறை தொட்டாள். பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பிரிசில்லா தனியாக இருந்தாள். நாலு நாள் கல்லறையில் கிடந்தவனை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிய கதையை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வர இஷ்டமா என்று அவனை யாராவது கேட்டார்களா? சிலுவையில் தொங்கியபோது அதே ஆண்டவர் முடிந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னார், தன்னைப் பிதாவின் கையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், பிறகுதான் தலையைச் சாய்த்தார். அதுவும் வாயால் சொன்னதுதான். அந்த வார்த்தைக்கும் சபையில் ஆமென் சொல்கிறார்கள், வருஷம் தவறாமல், பெரிய வெள்ளிக்கிழமை.

சொன்னால் அப்பாவைத் தானே அனுப்பியதாகும். சொல்லாவிட்டால் இந்தக் கண்கள் இப்படியே இருக்கும். ஒன்றும் நடக்காமல் போய்விட்டால் நல்லது என்று அவள் மனதார ஆசைப்பட்டாள். தன் வாயில் ஒன்றுமே இல்லை, எல்லாம் அத்தையின் கற்பனை என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

குனிந்தாள். அப்பாவின் காதோரம் மருந்து வாடையும் பழைய ஷேவிங் கிரீம் வாடையும் அடித்தன.

"அப்பா," என்றாள். "நான் அன்னிக்குச் சொன்னத திரும்ப எடுத்துக்கிட்டேன்பா. உங்கள ஆண்டவர் கையில குடுத்துட்டேன்." போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள். "ஏசப்பா கூடப் போங்கப்பா."

அந்தக் கண்கள் அவள் வாயை விட்டன. வியாழக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக மேலே ஏறி அவள் கண்களைப் பார்த்தன. உதடு அசைந்தது. "சரிடா" என்று சத்தம் வரவில்லை, வடிவம் வந்தது.

வெளியே கேட் கிறீச்சிட்டது.

எதிர்வீட்டு நாய் குரைத்தது. வாலை மிதித்துவிட்டதைப்போல, அடங்காமல், தெருக்கோடி வரை எதையோ துரத்திக்கொண்டு ஓடுவதுபோலக் குரைத்தது. பிறகு அதுவும் தூரமாகிவிட்டது.

பிரிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் கையை வைத்திருந்தாள். கைக்குக் கீழே ஒன்றும் ஏறவில்லை. இந்தத் தடவை கண்கள் தாமாகப் பாதி மூடியிருந்தன, வேலை முடிந்து வந்து டி.வி. பார்த்தபடி தூங்கிப்போகும்போது மூடுகிற மாதிரி. அவள் ஆக்சிஜன் மிஷினை நிறுத்தினாள். வீட்டில் அவ்வளவு நிசப்தம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அழுதாள்.

தங்கமணி வெறுங்கையோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து கணவனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

அத்தை ஈரத்தலையோடு ஓடி வந்தார். தம்பியின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பிரிசில்லா பக்கம் திரும்பினார். "கூப்பிடு," என்றார். "நீ கூப்பிட்டா வருவான். கூப்பிடுடி!"

பிரிசில்லா வாயைத் திறக்கவில்லை.

"நீ என்னமோ சொல்லிட்ட," என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. "சொல்லிட்ட, இல்ல?"

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து லெட்சுமி அக்கா உள்ளே வந்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டதாம். "கேட் அகலமா திறந்து கிடக்கே தங்கமணி," என்றாள், "யாரு வந்தா?"

தங்கமணி டி.வி. மேசையைப் பார்த்தாள். சாவி போட்ட இடத்திலேயே கிடந்தது. அத்தையும் பார்த்தார்.

அடக்கம் திங்கட்கிழமை நடந்தது. போர்ட்டில் கூட வேலை செய்தவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பாஸ்டர் நல்ல பிரசங்கம் செய்தார். கல்லறைத் தோட்டத்திலும் புகை. பெட்டியை இறக்கும்போது குழிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து, தேத்தண்ணி குடித்து, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. தலையை மட்டும் அசைத்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவினார்கள்.

எஸ்தர் அத்தை கடைசியாகக் கிளம்பினார். சனிக்கிழமையிலிருந்து அவர் பிரிசில்லாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதிரே வந்தால் அறையை மாற்றிக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அம்மா கையிலிருந்துதான் வாங்கினார். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் பின்னால் பிரிசில்லா போனாள். என்ன இருந்தாலும் அத்தை. இனி அப்பாவின் முகச்சாடை இந்த ஒரு முகத்தில்தான் மிச்சம்.

"அத்தை," என்று வாயெடுத்தாள்.

எஸ்தர் அத்தையின் கை சட்டென்று வந்து அவள் வாயைப் பொத்தியது. யூக்கலிப்டஸ் தைலம் மணக்கும் கை. அழுத்தமாகப் பொத்தியது. அத்தையின் கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது, ஒரு குழந்தையின் பயம். பிரிசில்லா புரிந்தது என்று தலையசைத்தாள். கை மெதுவாக விலகியது.

அத்தை காருக்குள் ஏறினார். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார், பெல்ட்டைப் போட்டார், எஞ்சினைக் கிளப்பினார். கியரில் கையை வைத்தவர் அப்படியே இருந்தார். கண்ணாடி இறங்கியது. எழுபது வருஷப் பழக்கம், அவர் கேட்க நினைக்காமலேயே, வாயிலிருந்து வெளியே வந்தது.

"நான் கிளம்பட்டுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கண்கள் மெல்லத் திரும்பி வந்து பிரிசில்லாவின் வாயில் நின்றன.

பிரிசில்லா கேட்டைப் பிடித்துக்கொண்டு, உதடுகளை உள்ளே மடித்துக் கடித்தபடி நின்றாள். கார் நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.